லண்டன் குளிரில் பாய்லர் நின்றுவிட்டால்... எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கடல் தாண்டிய குடும்பம் - 31

பாய்லர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு காட்சிகள் ஞாபகம் வரும். ஒன்று, டீக்கடையில் விடியற்காலையிலேயே துலக்கி, பட்டையும் பொட்டும் இட்டு நிறுத்தியிருக்கும் பாய்லர். இன்னொன்று, பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்ற செம்புப் பாய்லர். நடுக்குழலில் தேங்காய் ஓட்டையும் விறகுச் சில்லையும் போட்டுப் பற்றவைத்தால், மேலே ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்ற ஊற்ற, கீழே ஒரு சொம்பு வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். ஓட்டை விழுந்தால் பற்றவைக்கத் தெருவிலேயே ஆள் வருவார். அதற்கு மேல் அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

இங்கே பிரிட்டனில் பாய்லர் என்பது சமையலறை அலமாரிக்குள்ளோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒளிந்திருக்கும் வெள்ளைப் பெட்டி. குளிக்க வெந்நீர், பாத்திரம் துலக்க வெந்நீர், வீடு முழுக்கக் கதகதப்பு எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்துதான். ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால், இரண்டே மணி நேரத்தில் வீட்டின் சுவர்கூடச் சில்லிட்டுப்போகும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டிங்கை அதையொட்டித்தான் எல்லா வீட்டிலும் போடுவார்கள். பாய்லர் மெக்கானிக்குகளுக்குத் தீபாவளி சீசன் என்றால் அதுதான். இந்தத் தொடருக்கு பாய்லர் பற்றிக் கடிதம் வருவதும் அப்போதுதான்.

இந்த முறை ஒரு திருச்சி வாசகி எழுதியிருந்தார். "பேரனைப் பார்த்துக்கொள்ள மில்டன் கீன்ஸ் வந்திருக்கிறோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் குழந்தையும்தான். போன வாரம் பாய்லர் நின்றுவிட்டது. ஏதோ நம்பர் மினுக்கியது. தொடலாமா, தொட்டால் வெடித்துவிடுமா என்று பயம். குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வந்து இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது."

வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. தெரியாத கேஸ் பெட்டியைத் தொடாமல் இருந்ததுதான் சரி. ஆனால், உங்கள் மாப்பிள்ளை செய்த அந்த இரண்டு நிமிட வேலையை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது காம்பி பாய்லர். அதற்குள் இரண்டு தண்ணீர் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. முதலாவது, அறைக்கு அறை மாட்டியிருக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பழைய தண்ணீர். இரண்டாவது, நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தெருக்குழாயிலிருந்து வந்து, போகிற போக்கில் சூடேறிக் கைக்கு வரும் புதுத் தண்ணீர். நெருப்பு ஒன்றுதான். சூடு இப்போது யாருக்கு வேண்டும் என்று பார்த்து, உள்ளே ஒரு வால்வு திருப்பிவிடும். வாய்க்காலில் மடை மாற்றிவிடுகிற மாதிரி.

இது புரிந்தால் பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். குழாயில் வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடக்கிறதா? அப்படியானால் கேஸ் வருகிறது, நெருப்பும் எரிகிறது. குறை வேறெங்கோ. முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரிலோ மேசையிலோ இருக்கும் தெர்மோஸ்டாட்டை. அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மின்சாரம் ஒரு முறை போய் வந்ததில் டைமர் கடிகாரம் மாறியிருக்கலாம். கையில் எடுத்து வைக்கிற வகை என்றால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். சாம்பார் கொதிக்கிற சூட்டில் அது 'வீடு நன்றாகச் சூடாக இருக்கிறது' என்று முடிவுகட்டி ஹீட்டிங்கை நிறுத்திவிடும்.

அதற்கு நேர்மாறாக ரேடியேட்டர் சூடாக இருந்து, குழாயில் மட்டும் பச்சைத்தண்ணீர் வந்தால் அந்த மடை மாற்றும் வால்வு சிக்கியிருக்கலாம். அல்லது உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு பாய்லருக்குள்ளும் படியும். பாய்லரே கெட்டில் மாதிரி 'கிர்ர்' என்று இரைந்தால் இதுதான் காரணமாக இருக்கும். இந்த இரண்டும் மெக்கானிக் வேலை. ஆனால் 'ரேடியேட்டர் சுடுகிறது, குழாய் சுடவில்லை' என்று போனில் சொன்னாலே அவர் சரியான உதிரி பாகத்தோடு வந்துவிடுவார். ஒரு நடை மிச்சம்.

மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி

ஈஸ்ட்ஹாமில் பாய்லர் வேலை பார்க்கும் ஈழத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. யார் போன் செய்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, அடுப்பு எரியுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

கேஸ் அடுப்பும் எரியவில்லை என்றால் பாய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கே கேஸ் வரவில்லை. வாடகை வீடுகளில் பெரும்பாலும் காசு தீர்ந்த மீட்டராக இருக்கும். செல்போன் மாதிரி முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர் அது. பணம் போட்ட பிறகும் சில மீட்டர்களில் ஒரு பட்டனை அழுத்தினால்தான் கேஸ் திறக்கும். அடுப்பு எரிகிறதா, பாய்லரின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு அவர் கேட்கும் அடுத்த கேள்வி: "முள்ளு எத்தனையில நிக்குது?"

பாய்லரின் முகத்திலோ அடியிலோ சின்னதாக ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். புது மாடல்களில் எண்ணாகவே காட்டும். பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். ஓடும்போது கொஞ்சம் ஏறும், அது சகஜம். முள் பூஜ்ஜியத்துப் பக்கம் படுத்திருந்தால் ரேடியேட்டர் சுற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் பாத்திரம் தீய்கிற மாதிரி உள்ளே தீய்ந்துவிடும் என்பதால், பாய்லர் தானாகவே நின்றுகொள்ளும். நம் திருச்சி வாசகி வீட்டில் நடந்தது இதுதான் என்று அவர் சொன்ன எண்ணைப் பார்த்ததுமே புரிந்தது. இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐடியலில் எஃப் 1, வெய்லன்ட்டில் எஃப் 22, பாக்ஸியில் ஈ 119. மூன்றும் சொல்வது 'தண்ணீர் போதவில்லை' என்பதைத்தான்.

மாப்பிள்ளை என்ன செய்திருப்பார்? பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதன் அடியில் பார்த்திருப்பார். வெள்ளிக் கம்பி பின்னிய சிறு ஹோஸ் ஒன்று இரண்டு குழாய்களை இணைத்து வளைந்து தொங்கும். இரண்டு முனையிலும் சின்ன வால்வு. இரண்டையும் மெதுவாகத் திறந்தால் 'உஸ்' என்று தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கும். முள் 1.5-ஐ நெருங்கும்போது இரண்டையும் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான். சில மாடல்களில் ஹோஸுக்குப் பதில் ஒரு சாவியோ நெம்புகோலோ இருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாவகாசமாக இருக்கும்போது, நம் வீட்டில் எது, எப்படி என்று நேரில் காட்டச் சொல்லிப் பாருங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூடுவதில்தான் கவனம் வேண்டும். பாதி மூடிவிட்டுப் போனால் முள் ஏறிக்கொண்டே போய் 3 பாரைத் தொடும். உடனே பாதுகாப்பு வால்வு திறந்து, வீட்டின் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படித் தண்ணீர் ஏற்றுவதில் தவறில்லை. வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. தரைப் பலகைக்கு அடியில் ஒழுகினால் வெளியே தெரியவே தெரியாது. இன்னொரு குணமும் உண்டு: சூடானதும் முள் 3 வரை ஏறுகிறது, ஆறியதும் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. இது ஒழுக்கு இல்லை. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க உள்ளே காற்றடைத்த ஒரு கலம் இருக்கும். அதில் காற்று போயிருக்கிறது. இரண்டுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். தினமும் வால்வைத் திறந்து மூடிச் சமாளிக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். ஜனவரி மாத இரவில் ஒரேயடியாக நிற்கும்போது இரட்டிப்புச் செலவு.

பனி உறையும் காலையில் மட்டும் வரும் கோளாறு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்தும் பாய்லர், சில விதிவிலக்குகள் தவிர, 'கன்டென்ஸிங்' வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். புகையோடு வெளியே போகும் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்தும் வகை அது. புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோக, விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவர் வழியே சாக்கடைக்குப் போகும். கடும் பனியில் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத தண்ணீர் பாய்லருக்குள்ளேயே தேங்க, 'களக் களக்' என்று சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். 2010 டிசம்பர், பிரிட்டனில் நூறு வருஷக் கணக்கில் மிகக் குளிரான டிசம்பர். அந்த மாதம் இந்தக் குழாய் உறைந்தே ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றது.

நேற்றிரவு வரை ஓடிய பாய்லர், வெளியே புல்லெல்லாம் வெண்மையாக உறைந்த காலையில் நின்றிருந்தால், முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். குழாய் தரைமட்டத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் மிதமான வெந்நீரை அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். அல்லது வெந்நீர்ப் பையை ஒத்தடம் கொடுப்பது போல் வைத்துப் பிடியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். ஊற்றிய தண்ணீர் தரையில் உறைந்து வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏணி போட்டு ஏறுகிற உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். பாய்லரைவிட இடுப்பெலும்பு விலை அதிகம்.

பனி விலகியதும் ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்தலாம். அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. 'எஃப் 28', 'ஈ 133', 'எல் 2', 'ஈஏ' இவையெல்லாம் வெவ்வேறு கம்பெனிகளின் பாஷையில் 'பற்றவைத்தேன், நெருப்பு பிடிக்கவில்லை' என்பதற்கான எண்கள். நெருப்பு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு கம்பி காவல் இருக்கிறது. சுடர் தெரியாவிட்டால் உடனே கேஸை மூடிவிடும். பற்றாத கேஸ் வெளியே பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை ரீசெட் செய்து பார்க்கலாம். டிவி ரிமோட் மாதிரி இருபது தடவை அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வாசனையே இல்லாத ஆபத்து

இதுவரை சொன்னதெல்லாம் பாய்லர் நின்றுபோனால் வரும் சங்கடம். நிற்காமல், தப்பாக எரிந்துகொண்டே இருக்கும் பாய்லர்தான் உயிருக்கு உலை.

1960-கள் வரை பிரிட்டன் வீடுகளுக்கு வந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸ். அதிலேயே கார்பன் மோனாக்சைடு என்ற விஷம் கலந்திருந்தது. வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்த பிறகு, 1967 தொடங்கிப் பத்து வருஷம் வீடு வீடாகப் போய் அடுப்பையும் பாய்லரையும் மாற்றினார்கள். இப்போது வரும் கேஸில் அந்த விஷம் இல்லை. ஆனால் காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் அதே விஷம் உண்டாகும். சரியாகப் பொருத்திய பாய்லர் காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளிவிடும். அந்தப் புகைக்குழாயின் இணைப்பு விலகினாலோ, யாரோ மூடியைத் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் போனாலோ, புகை வீட்டுக்குள் வரும். நிறம் கிடையாது. வாசனை கிடையாது.

நண்பர் சொன்ன ஒரு சம்பவம். நம் பிள்ளைகள் நான்கு பேர், படிக்க வந்தவர்கள், ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நான்கு பேருக்கும் வாரக்கணக்கில் தலைவலி, குமட்டல், அசதி. காய்ச்சல் மட்டும் இல்லை. ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக்குப் போனால் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து ஹீட்டிங் போட்டால் மறுபடி தலைவலி. ஒரு பையனின் அம்மா மதுரையிலிருந்து போனில், "ஏன்டா, நாலு பேருக்கும் ஒண்ணா எப்படிடா தலை வலிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் காப்பாற்றியது. நண்பர் போய்ப் பார்த்தபோது, படுக்கையறை அலமாரிக்குள் இருந்த பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு நழுவியிருந்தது. வீட்டுக்காரர் காசை மிச்சம் பிடிக்க, லைசென்ஸ் இல்லாத ஒருவரை வைத்து வேலை பார்த்திருக்கிறார்.

வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிவு என்றால், பாய்லரை அணைத்துவிட்டு, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு டாக்டர். பாய்லர் மூடியில் கறுப்பு அல்லது பழுப்புக் கறை படிந்திருந்தாலும் இதே சந்தேகம் வர வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். புகைக்கான அலாரம் வேறு, இது வேறு. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் இருக்கும் அறையில் மனிதர்கள் புழங்குகிறார்கள் என்றால் இந்த அலாரத்தைப் பொருத்துவது வாடகைக்கு விடுகிறவரின் கடமை. வருஷத்துக்கு ஒரு முறை கேஸ் பரிசோதனை செய்து, அந்தச் சான்றிதழின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுப்பதும் அவர் கடமை. படிக்கப்போன பிள்ளையிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதோடு, 'அந்தச் சான்றிதழ் கொடுத்தார்களா' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேஸ் வேலைக்கு வருகிறவர் 'கேஸ் சேஃப்' அட்டை வைத்திருக்க வேண்டும். 2009 ஏப்ரலிலிருந்து இதுதான் முறை. போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அட்டையைத் திருப்புங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றிருக்கிறார் என்று பின்பக்கத்தில் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல மெக்கானிக் தானே எடுத்துக் காட்டுவார்.

கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்து வால்வு கைக்கு எட்டினால் மூடி, வெளியே வந்து 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இதே எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆள் வரும்வரை...

மின்சார ஹீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஒரே அறையில் எல்லோரும் கூடிக்கொள்ளலாம். கேஸ் அடுப்பையோ அவனையோ எரியவிட்டுக் குளிர் காய வேண்டாம். குழந்தைக்கு மூன்று கம்பளியும் வேண்டாம். இங்கே டாக்டர்கள் குழந்தை தூங்கும் அறைக்குச் சொல்லும் அளவே 16 முதல் 20 டிகிரிதான். தூங்கும்போது தலையில் குல்லாவும் கூடாது என்பார்கள். குழந்தையின் உடம்புச் சூடு தலைவழியாகத்தான் தணியும்.

பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சாம்பிராணி. நம் ஊர் வீட்டில் ஓட்டு இடுக்கு, ஜன்னல், முற்றம் என்று காற்று போய்வரும். இங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னலை அடைத்துவிட்டால் வீடு டப்பா மாதிரி. அதற்குள் கரித்தணல் போட்டுத் தூபம் காட்டினால் அந்தத் தணலிலிருந்து வருவதும் அதே கார்பன் மோனாக்சைடுதான். பேரனின் தலைமுடியைத் துண்டால் துடைத்தால் போதும்.

ஊரில் இருக்கும் வாசகர்கள் 'இது நமக்கில்லை' என்று தள்ளிவிட வேண்டாம். ஓசூர், பெங்களூரு, கோவை, ஊட்டி என்று சிலிண்டரில் ஓடும் கேஸ் கீஸர் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. லண்டன் பாய்லராவது காற்றை வெளியிலிருந்து எடுக்கிறது. நம் கீஸர்களில் பல, குளியலறைக்குள்ளேயே காற்றை எடுத்து, குளியலறைக்குள்ளேயே புகையை விடுகின்றன. கதவை அடைத்து, வென்டிலேட்டரையும் மூடிக் குளித்து, மயங்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் கண்ணில் படுகிறது. கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது ஒரு நாள் பிளம்பர் வேலைதான். அதுவரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீஸரை அணைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்த பிறகு குளியுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றைக்கே சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம்: ரேடியேட்டர் மேல் ஈரத்துணி காயப்போடுவதால் சுவரில் வரும் கறுப்புப் பூசணம். அதற்கும் குழந்தையின் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?